ஏலக்காய் மலையும் ஒரு டி.சி.யும்: போடி மெட்டு முதல் தனுஷ்கோடி வரை

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்கள் கிளம்பிவிடும். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் என்று பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடி மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். எல்லை தாண்டிப் பிழைப்பது இந்த ஊருக்குத் தினசரி வேலை.

அதனால்தானோ என்னவோ, 'வந்தவர்கள்', 'இருந்தவர்கள்' என்ற கணக்கு இந்த மலையில் யாருக்கும் சரியாக வராது. ஆனால் அந்தக் கணக்கைத் தெளிவாகக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடத்து அலுவலக அறை. "டி.சி. இருக்கா?" என்ற ஒரு கேள்வியில் ஒரு பிள்ளையின் ஊர், நாடு, வயது எல்லாம் மேஜைக்கு வந்துவிடும்.

மலையில் யார் ஊர்க்காரர்?

போடியிலிருந்து போடி மெட்டு சுமார் 26 கிலோமீட்டர். பாதி வழியில் புலியூத்து அருவி. மழைக்காலத்தில் அருவியின் சாரல் ரோடு வரைக்கும் தெறிக்கும். ஏற ஏறக் கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கும் தென்னந்தோப்புகளும் சிறுத்துக்கொண்டே போகும். ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் தமிழ்நாடு முடிகிறது. அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை.

ஏலச்செடிக்கு நேர் வெயில் ஆகாது. உயர்ந்த மரங்களின் நிழலில்தான் வளரும். காய் செடியின் உச்சியில் காய்க்காது. தூரை ஒட்டித் தரையில் படரும் சரத்தில்தான் காய்க்கும். ஒவ்வொரு காயையும் குனிந்துதான் எடுக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்த காய் கீழே போடிக்கு வந்து, சுத்தமாகி, தரம் பிரிந்து, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போகிறது. மலை மேல் புத்தடியிலும் இதே ஏலம் நடக்கிறது.

முதுவர், மன்னான் போன்ற பழங்குடி மக்களை விட்டால், இந்த மலையில் இருக்கும் எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தமிழர்கள் ஏறினார்கள். உணவுப் பஞ்சம் வாட்டிய 1940-களிலும் அதற்குப் பிறகும் கோட்டயம் பக்கத்து விவசாயிகள் கிழக்கே வந்து காடு திருத்தினார்கள். அவர்களோடு தேவாலயம் வந்தது. தேவாலயத்தை ஒட்டிப் பள்ளிக்கூடம் வந்தது.

வந்தவர்கள் ஒரே இரவில் அந்நியர்கள் ஆனதும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை கொதித்தபோது, இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் காட்டுப் பாதைகள் வழியாக நடந்தே போடி, தேவாரம் பக்கம் இறங்கினார்கள். பலருடைய கையில் குழந்தையும் ஒரு மூட்டையும்தான் இருந்தன. அது பரீட்சை மாதம். பெரியவர்கள் கூலியை இழந்தார்கள். பிள்ளைகள் பரீட்சையை இழந்தார்கள். சில வாரங்களில் பதற்றம் தணிந்து மலை ஏறினார்கள். சொந்த நாட்டுக்குள், சில கிலோமீட்டர் தூரத்தில், சில வாரங்களுக்கே இந்தப் பாடு. கடல் தாண்டி வந்தவர்களின் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

ரோட்டின் மறுமுனை

போடி மெட்டு ஏறும் இந்த ரோட்டுக்குப் பழைய எண் 49. கொச்சியில் தொடங்கி, மூணாறு, போடி, தேனி, மதுரை, ராமநாதபுரம் வழியாகப் பாம்பன் பாலம் ஏறித் தனுஷ்கோடி போகும் தேசிய நெடுஞ்சாலை. இப்போது மதுரைக்கு மேற்கே 85, ராமேஸ்வரம் பக்கம் 87 என்று எண்கள் மாறிவிட்டன. போடியிலிருந்து கிழக்கே சுமார் 280 கிலோமீட்டர் போனால் கடல். அங்கேதான் இலங்கையிலிருந்து வரும் படகுகள் கரை தொடும்.

தனுஷ்கோடிக்கு முன்பே மண்டபம் வந்துவிடும். மண்டபம் முகாமின் வரலாறு போருக்கு முந்தியது. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை இங்கே நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்துக் கப்பல் ஏற்றினார்கள். போகும்போது எந்த வாசலில் நின்றார்களோ, பல பத்தாண்டுகள் கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தபோதும் அதே வாசலில்தான் நின்றார்கள்.

திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு கையெழுத்து. 1964 அக்டோபர் 30-ம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தேயிலைக் கொழுந்து கிள்ளியவர்களைக் கேட்டு யாரும் பிரிக்கவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் கேரளத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். ஏலக்காய் மலைத்தொடரின் தென்பகுதியில் கவி என்ற ஊர் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய அடர்ந்த காடு. 2012-ல் வந்த 'ஆர்டினரி' மலையாளப் படத்துக்குப் பிறகு அது பிரபலமான சுற்றுலாத் தலம். பஸ் ஜன்னல் வழியாகப் பனியைப் படம் எடுக்கும் பயணிகளில் பலருக்கு, அந்தக் காட்டுக்குள் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் என்பது தெரியாது.

இரண்டு வருகைகள், இரண்டு காகிதங்கள்

ஒப்பந்தப்படி வந்தவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்கள் இந்தியக் குடிமக்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகில் உயிர் தப்பி வந்தவர்களுக்குப் பெயர் 'அகதி'. 1983 தொடங்கி 2009 வரை நான்கு அலைகளாக வந்தார்கள். அவர்களில் மலையக வம்சாவளியினரும் கணிசமாக உண்டு. ஆனால் ஒப்பந்தத்தில் வந்தவருக்குக் கிடைத்த குடியுரிமை, படகில் வந்தவருக்கு இல்லை.

2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்குப்படி, 29 மாவட்டங்களில் 108 முகாம்கள். அவற்றில் 58,822 பேர். முகாமுக்கு வெளியே 34,087 பேர். அதே மாதம் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்கள் அறிவித்தார்கள். 7,469 வீடுகள் கட்டித்தரும் வேலையும் அதில் அடக்கம்.

படகுகள் அத்தோடு நிற்கவில்லை. 2022 மார்ச் 22-ம் தேதி, பொருளாதார நெருக்கடியால் பால் மாவும் அரிசியும் எட்டாத விலைக்குப் போய்விட்ட இலங்கையிலிருந்து, குழந்தைகளோடு 16 பேர் தமிழகக் கரைக்கு வந்தார்கள். அதற்குப் பிறகும் பலர் வந்தார்கள். எல்லோரும் மண்டபம் முகாமுக்குத்தான் போனார்கள்.

மன்னாரும் மடுவும்

இலங்கையில் தமிழகக் கரைக்கு மிக அருகில் இருக்கும் மாவட்டம் மன்னார். கத்தோலிக்கர்கள் நிறைந்த பகுதி. அங்கிருந்து வந்த பலருக்குத் தமிழகத்தில் முதலில் அடையாளம் தெரிந்த கட்டடம் மாதா கோயில்தான். மொழி ஒன்று, ஜெபம் ஒன்று. பங்குச் சாமியாரை 'ஃபாதர்' என்று கூப்பிடுவதுகூட ஒன்றுதான்.

மன்னார் மறைமாவட்டத்தில் உள்ள மடு மாதா திருத்தலத்தின் கதையே இடம்பெயர்ந்த கதை. 1670-ல், டச்சுக்காரர்கள் கத்தோலிக்கர்களைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. போர்க்காலத்தில் மடு வளாகமே ஆயிரக்கணக்கானோருக்கு அடைக்கலம் தந்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் அதே சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துப் போனார்கள். சில மாதங்கள் கழித்துத்தான் மாதா வீடு திரும்பினார். 2015 ஜனவரி 14-ம் தேதி போப் பிரான்சிஸ் மடுவுக்கு வந்து ஜெபித்தார்.

இந்தப் பின்னணி உள்ள ஒரு தாய், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் வாசலில் நிற்கும்போது, 'நம்ம இடம்' என்ற நினைப்போடு நிற்கிறார். அந்த நினைப்பு பலிப்பதும் பலிக்காததும் உள்ளே இருப்பவர்கள் கையில்தான்.

"டி.சி. இருக்கா?"

படகில் வந்த பிள்ளையிடம் மாற்றுச் சான்றிதழ் இருக்காது. பிறப்புச் சான்றிதழ் இருந்தால் அதிர்ஷ்டம். இருந்தாலும் அதில் இலங்கை முத்திரை. இலங்கைப் பள்ளிகளில் வழக்கமாக ஜனவரியில் வருடம் தொடங்கும். இங்கே ஜூனில். அங்கே 'தரம் ஆறு', இங்கே 'ஆறாம் வகுப்பு'. அங்கே ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை, பிறகு சாதாரண தரம், உயர்தரம். இங்கே எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ. பத்து வயதுப் பிள்ளையை எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்பதே முதல் குழப்பம்.

அடுத்தது பேச்சு. "கதைக்கிறது", "பேந்து", "எங்கட" என்று பிள்ளை பேசினால் பெஞ்சில் சிரிப்பு எழும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறுமியைப் 'பெட்டை' என்பது சாதாரணம். இங்கே அந்தச் சொல்லுக்கு வகுப்பே திரும்பிப் பார்க்கும். பல பிள்ளைகள் சில மாதங்களிலேயே இரண்டு தமிழ் பழகிவிடுவார்கள்: பள்ளிக்கு ஒன்று, முகாமுக்கு ஒன்று.

மூன்றாவது, முகாம் கணக்கெடுப்பு. அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் நாளில் குடும்பத்தினர் முகாமில் இருந்தாக வேண்டும். போர்டிங்கில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு நாள் லீவு, ஒரு பஸ் கட்டணம்.

இதற்கெல்லாம் மேல், 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு வந்த இருண்ட காலம் உண்டு. முகாம்களுக்குள் தொண்டு நிறுவனங்கள் நுழையத் தடை வந்தது. அகதிப் பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. கல்லூரிகளில் அவர்களுக்கென்று இருந்த இடங்களும் போயின. பின்னால் இவை ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. ஆனால் பத்து வயதில் இரண்டு வருடம் போனால் என்ன போகும் என்பது, திரும்பப் பள்ளிக்கே போகாமல் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

படிப்பைக் கைவிடாமல் பிடித்து வைத்ததில் இரண்டு அமைப்புகளுக்குப் பங்கு உண்டு. ஒன்று, ஈழத் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம். அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு அது. இன்னொன்று, இயேசு சபையின் அகதிகள் பணி. வியட்நாமிலிருந்து படகில் தப்பிய மக்களின் துயரத்தைப் பார்த்து, சபையின் அப்போதைய தலைவர் பேத்ரோ அருப்பே 1980-ல் தொடங்கியது. தமிழக முகாம்களில் இந்தப் பணி பெரும்பாலும் மாலை நேர வகுப்புகளாகத்தான் நடந்தது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளை முகாமிலேயே உட்கார வைத்துப் பாடம் சொல்லித் தருவது. சொல்லித் தருபவர்களும் பெரும்பாலும் அதே முகாமில் படித்து வந்த அக்கா, அண்ணன்மார்.

சட்டம் நிற்கும் இடம்

2009-ம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அது 'குடிமகன்' என்று சொல்லவில்லை. 6 முதல் 14 வயது வரையிலான 'குழந்தை' என்றுதான் சொல்கிறது. டி.சி. வரத் தாமதமானால் அதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். 1951-ம் ஆண்டு ஐ.நா. அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் பள்ளி வாசலில் அகதிப் பிள்ளைக்கு இந்தச் சட்டம் துணை நிற்கிறது. மியான்மரிலிருந்து தப்பி வந்த பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும்படி மிசோரம் கல்வித்துறை 2021-ல் பள்ளிகளுக்குச் சொன்னபோது, இந்தச் சட்டத்தைத்தான் சுட்டிக்காட்டியது.

ஆனால் 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிரமதி வழக்கில் ஒரு தீர்ப்பு தந்தது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், இந்தச் சட்டம் பொருந்தாது என்றது அந்தத் தீர்ப்பு. கத்தோலிக்கப் பள்ளிகள் அதில் அடக்கம். அப்படியென்றால், டி.சி. இல்லாத பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி அரசுப் பள்ளியிடம் சட்டத்தைக் காட்டலாம். கத்தோலிக்கப் பள்ளியிடம் அதே பக்கத்தைக் காட்ட முடியாது. அங்கே கதவைத் திறப்பதும் மூடுவதும் தலைமை ஆசிரியரான சிஸ்டரின், ஃபாதரின் முடிவு. மத நம்பிக்கை பேசும் ஒரு பள்ளிக்கு உண்மையான தேர்வு இந்த இடத்தில்தான் வருகிறது.

திறந்த முன்னுதாரணங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் நாட்டிலிருந்து தப்பிய போலந்து மக்கள் சுமார் 5,000 பேர் கோலாப்பூர் அருகே வளிவாடே முகாமில் தங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் பஞ்ச்கனி போன்ற ஊர்களின் கான்வென்ட் பள்ளிகளில் படித்தார்கள். அவர்களிடமும் டி.சி. இருந்திருக்காது.

வரவேற்பு என்றால் என்ன?

2018-ம் ஆண்டு குடியேறிகள், அகதிகள் தினச் செய்தியில் போப் பிரான்சிஸ் நான்கு வேலைகளைச் சொன்னார்: வரவேற்பது, பாதுகாப்பது, வளர்த்தெடுப்பது, ஒன்றாகச் சேர்ப்பது. போடியிலிருந்து கம்பம் வரை, அனுமந்தன்பட்டி, இராயப்பன்பட்டி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ள இந்தப் பள்ளத்தாக்கில், பிள்ளைகளைக் கீழே போர்டிங்கில் விட்டுவிட்டு மலையில் வேலை பார்ப்பது குடும்பங்களின் பழைய வழக்கம். அப்படிப்பட்ட ஊரில் இந்த நான்கையும் மேடைப் பேச்சாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அலுவலக அறையிலேயே செய்துவிடலாம்.

காகிதம் பிறகு வரும் என்று பெயரை முதலில் ரெஜிஸ்டரில் எழுதுவது வரவேற்பது. வருகைப் பதிவு எடுக்கும்போது 'முகாம் பிள்ளைங்க எழுந்திரு' என்று சொல்லாமல் இருப்பது பாதுகாப்பது. பின்தங்கிய கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்குவது வளர்த்தெடுப்பது. பெற்றோர் கூட்டத்துக்கு அந்தத் தாயையும் கூப்பிட்டு, பேச நேரம் தருவது ஒன்றாகச் சேர்ப்பது. இவை எதற்கும் தனி நிதி வேண்டாம்.

காகிதத்தைப் பத்திரப்படுத்தக் கற்றுத்தருவதும் பள்ளியின் வேலையே. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், அந்தப் பிறப்புச் சான்றிதழை வைத்தே வழக்காடி 2022-ல் பாஸ்போர்ட் பெறும் உத்தரவை வாங்கினார். 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன் என்ற விதி அவருக்குக் கைகொடுத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து போய் முதன்முறையாக ஓட்டுப் போட்டார். ஒரு துண்டுக் காகிதத்துக்கு 38 வருடம் கழித்துக் கிடைத்த மரியாதை அது.

இப்போது மலைக்கு வருபவர்கள்

ஏலத் தோட்டங்களில் இன்று தமிழும் மலையாளமும் மட்டும் கேட்பதில்லை. அஸ்ஸாம், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தோட்டத்து லயங்களில் தங்கியிருக்கிறார்கள். இவர்கள் அகதிகள் இல்லை, இந்தியக் குடிமக்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளையும் ஜூன் மாதம் அதே மேஜைக்கு முன்னால், அதே கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் நிற்கிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டத்தில், வெளிமாநிலப் பிள்ளைகளின் மொழி தெரிந்தவர்கள் காலையில் பள்ளிக்கு வந்து பாடத்துக்குப் பாலம் போட்டார்கள். போடி மலைச்சரிவுக்கும் அது எட்டாத காரியம் இல்லை. கடலைத் தாண்டி வந்த பிள்ளைக்காக ஒரு பள்ளி பழகும் பொறுமை, மலையைத் தாண்டி வரும் பிள்ளைக்கும் உதவும்.

போய்வர நினைப்பவர்களுக்கு

மதுரையிலிருந்து போடி சுமார் 90 கிலோமீட்டர். 1928-ல் வந்த மீட்டர் கேஜ் ரயில், அகலப் பாதைக்காக 2010 டிசம்பரோடு நின்றது. 2023 ஜூன் 15 முதல் மறுபடி ஓடுகிறது. சென்னையிலிருந்தும் ரயில் உண்டு. ஏலக்காய் அறுவடையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட்டுக்குப் பிறகு போகலாம். தோட்டத்துக்குள் நுழையச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். கவிக்கு வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். கழிவு போடாமல் திரும்புங்கள்.

மறுவாழ்வு முகாம்கள் சுற்றுலா இடங்கள் இல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போகவும் படம் எடுக்கவும் கூடாது. உதவ நினைப்பவர்கள் தங்கள் ஊர்ப் பள்ளியிலேயே தொடங்கலாம். ஜூனில் சேர்க்கை நடக்கும்போது, காகிதம் இல்லாமல் திரும்பிப் போன பிள்ளை யாராவது உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.